சாவி இருக்கும் இடத்தை எங்கே எழுதி வைப்பது?

மாணவர்களே, வெள்ளம் ஏறும் பகுதியில் உங்கள் வீடு இருந்தால் இந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழைக்காலம் நெருங்கும்போது பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், தேர்வுச் சான்றிதழ் எல்லாவற்றையும் நெகிழிப் பையில் சுற்றி உயரமான அலமாரியில் வைத்துவிடுவார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கியதைப் பார்த்த பிறகு, இன்னும் கவனமாக நகல் எடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பவர்களும் உண்டு.

இப்போது ஒரு கற்பனை. உங்கள் வீட்டில் நாற்பது ஆவணங்கள் இருக்கின்றன. நகல்களைப் பல இடங்களில் பிரித்துக் கொடுக்கிறீர்கள். கிள்ளானில் அத்தை வீட்டில் சில, ஈப்போவில் மாமா வீட்டில் சில, சிரம்பானில் பெரியம்மா வீட்டில் சில. எது எங்கே இருக்கிறது என்று நினைவில் நிற்காது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதி, அதை வரவேற்பறை மேசை இழுப்பறையில் வைக்கிறீர்கள்.

வெள்ளம் வருகிறது. ஆவணங்கள் போய்விட்டன. பரவாயில்லை, நகல்கள் இருக்கின்றன. ஆனால் இழுப்பறையும் மூழ்கிவிட்டது. நகல்கள் பத்திரமாக இருந்தும் எது யாரிடம் இருக்கிறது என்று சொல்லும் நோட்டுப் புத்தகம் இல்லை.

கணினி உலகில் தரவுத்தளங்களைப் பாதுகாப்பவர்கள் இதே சிக்கலைப் பல ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறார்கள். அதற்கு அவர்கள் கண்ட ஒரு தீர்வு மிக எளிமையானது. பலர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அந்தத் தீர்வைப் புரிந்துகொள்ள, முதலில் தரவுத்தளத்துக்கு நகல் எடுப்பது ஏன் கடினம் என்று பார்க்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருப்பதை நகல் எடுப்பது

உங்கள் பள்ளிக் கூட்டுறவுக் கடையில் மாணவர்களுக்குக் கணக்கு அட்டை கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, வேண்டும்போது பொருள் வாங்கலாம். கவிதாவின் கணக்கில் 20 ரிங்கிட் இருக்கிறது. அவள் 6 ரிங்கிட்டுக்கு ஒரு வடிவியல் பெட்டி வாங்குகிறாள். தரவுத்தளத்தில் இரண்டு மாற்றங்கள் நடக்க வேண்டும். கவிதாவின் கணக்கு 14 ஆக வேண்டும். கடையின் கணக்கில் 6 கூட வேண்டும்.

அந்த நேரத்தில் தரவுத்தளத்தின் கோப்பு நகலாகிக்கொண்டிருக்கிறது. பெரிய கோப்பு என்பதால் ஐந்து நிமிடம் ஆகிறது. கவிதாவின் கணக்கு கோப்பின் தொடக்கத்தில் இருக்கிறது. அது 10 மணிக்கே நகலாகிவிட்டது, அதில் 20 ரிங்கிட் என்று இருக்கிறது. 10.02க்கு அவள் பொருள் வாங்குகிறாள். கடையின் கணக்கு கோப்பின் கடைசியில் இருப்பதால் 10.05க்குத்தான் நகலாகிறது. அதில் 6 ரிங்கிட் கூடியிருக்கிறது.

நகலில் கவிதாவிடம் 20 அப்படியே இருக்கிறது, கடையிலும் 6 கூடுதலாக இருக்கிறது. எங்கிருந்தோ 6 ரிங்கிட் முளைத்துவிட்டது! இப்படிப்பட்ட நகலை அப்படியே பயன்படுத்தினால் கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது.

கடையை மூடிவிட்டு நகல் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக் கடைக்கு அது சரிப்படும். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் விமான நிறுவனத்துக்கும் அப்படி மூட முடியாது.

இதற்குத் தரவுத்தளங்கள் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கின்றன. ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளில் இதற்கு ரீடூ லாக் என்று பெயர். மீண்டும் செய்வதற்கான குறிப்பு என்று பொருள் கொள்ளலாம். எந்த மாற்றமும் முதலில் இந்த நாட்குறிப்பில் எழுதப்பட்ட பிறகுதான் முடிந்ததாகக் கணக்கில் கொள்ளப்படும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் உண்டு. நேரத்தைக் காட்டும் கடிகாரம் போல, மாற்றங்களின் வரிசையைக் காட்டும் கடிகாரம் அது. தரவுக் கோப்பு சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு கட்டம் 8 கிலோபைட். ஒவ்வொரு கட்டத்திலும் அது கடைசியாக எந்த எண்ணில் மாறியது என்ற முத்திரை இருக்கும்.

இப்போது அந்தக் கோணலான நகலை எடுத்துக்கொள்ளுங்கள். கவிதாவின் கட்டத்தில் 500 என்ற முத்திரை இருக்கிறது. கடையின் கட்டத்தில் 507. நாட்குறிப்பில் 507ஆம் வரியில் ‘கவிதா 14, கடைக்குக் கூடுதல் 6’ என்று இருக்கிறது. மீட்கும்போது கணினி நாட்குறிப்பை வரிசையாகப் படிக்கிறது. 507ஐ அடைந்ததும் கவிதாவின் கட்டத்தைப் பார்க்கிறது. 500தான், பழையது. ஆகவே மாற்றத்தைச் செய்கிறது. கடையின் கட்டம் ஏற்கெனவே 507இல் இருக்கிறது. ஆகவே அதைத் தொடாமல் விட்டுவிடுகிறது. முளைத்த 6 ரிங்கிட் காணாமல் போய்விடுகிறது. எனக்கு இந்த உத்தியைப் பார்க்கும்போதெல்லாம் வியப்பு. கோணலாக எடுத்த படத்தையும் நாட்குறிப்பையும் சேர்த்தால் நேரான படம் கிடைத்துவிடுகிறது.

இதனால்தான் தரவுத்தளக்காரர்கள் இரண்டு சொற்களைப் பிரித்துப் பேசுகிறார்கள். காப்பு நகலிலிருந்து கோப்பை அதன் இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது ரிஸ்டோர். அதன் மேல் நாட்குறிப்பின் வரிகளைச் செலுத்தி நிகழ்காலத்துக்குக் கொண்டுவருவது ரெக்கவர். முதலாவது மட்டும் நடந்தால், நீங்கள் நேற்றைய பள்ளிக் கடையில்தான் நிற்பீர்கள்.

நாட்குறிப்பு முடிவில்லாமல் நீள முடியாது. சில கோப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். கடைசிக் கோப்பு நிறைந்ததும் முதல் கோப்பை அழித்து எழுதத் தொடங்கும். அழிப்பதற்கு முன் அதற்கொரு நகல் எடுத்து ஒதுக்கி வைக்கும்படி ஆரக்கிளிடம் சொல்லிவைக்கலாம். இப்படி ஒதுக்கியதற்கு ஆவண நாட்குறிப்பு என்று நாம் பெயர் வைத்துக்கொள்வோம். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன மந்திரம் வேலை செய்யாது.

யாருக்கு எல்லாம் நினைவிருக்கிறது?

ஆரக்கிளின் எட்டாம் பதிப்பு 1997இல் வந்தது. அதனுடன் ரெக்கவரி மேனேஜர் என்ற கருவியும் வந்தது. சுருக்கமாக ஆர்மேன் என்பார்கள். தரவுக் கோப்புகளைக் கட்டம் கட்டமாகப் படித்து, ஒவ்வொரு கட்டமும் முழுமையாக இருக்கிறதா என்று சோதித்துக் காப்பு நகல் எடுப்பது அதன் வேலை. படித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது எழுதியதால் கட்டம் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் இருந்தால், அதே கட்டத்தை மறுபடி படிக்கும்.

ஆர்மேன் எடுத்த காப்பு நகல்கள் நாளாக ஆகப் பெருகும். ஞாயிற்றுக்கிழமை எடுத்த முழு நகல், ஒவ்வோர் இரவும் எடுத்த ஆவண நாட்குறிப்பு நகல், போன மாத நகல் என்று. எந்தத் துண்டில் எந்தக் கோப்பு இருக்கிறது, எது எந்த எண் வரை வருகிறது, எது காலாவதியானது? இதையெல்லாம் யாராவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையில் வந்த நோட்டுப் புத்தகம் இதுதான்.

இந்த நோட்டுப் புத்தகத்தை வைக்க ஆர்மேனுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, தனியாக வேறொரு தரவுத்தளம். அதற்கு மீட்புப் பட்டியல் என்று பெயர். நூலகத்தில் நூற்பட்டியல் இருப்பது போல. நூற்றுக்கணக்கான தரவுத்தளங்களை நடத்தும் பெரிய நிறுவனத்துக்கு இது ஏற்றது. எல்லாவற்றின் விவரமும் ஒரே இடத்தில், பல ஆண்டு வரலாற்றுடன் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலே ஒரு தரவுத்தளம் என்பதை மறக்காதீர்கள். அதற்கும் ஒரு கணினி வேண்டும், பராமரிப்பு வேண்டும், காப்பு நகல் வேண்டும். காவலாளிக்குக் காவல் போட்ட கதைதான். ஒரேயொரு தரவுத்தளம் வைத்திருக்கும் சிறிய இடத்துக்கு இது அதிகப்படி என்பது என் கருத்து.

இன்னொரு இடம், கட்டுப்பாட்டுக் கோப்பு. ஆரக்கிள் தரவுத்தளம் ஒவ்வொன்றிலும் இது இருக்கும். தரவுக் கோப்புகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. தரவுத்தளத்தின் பெயர், அதன் அடையாள எண், தரவுக் கோப்புகளும் நாட்குறிப்புகளும் எங்கே இருக்கின்றன, கடைசியாக எல்லாம் சரியாக இருந்த எண் எது ஆகியவை இதில் இருக்கும். இது இல்லாமல் தரவுத்தளம் தன் கோப்புகளைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஆர்மேன் தன் காப்பு விவரங்களை எப்போதும் இதில் எழுதும். மீட்புப் பட்டியல் வைத்திருந்தாலும் முதலில் இங்கே எழுதிவிட்டுத்தான் அங்கே பிரதி செய்யும். ஆகவே தனிப் பட்டியல் இல்லாமலே எல்லா வேலையும் நடக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கட்டுப்பாட்டுக் கோப்பு சிறியது என்பதால் காப்பு விவரங்களுக்கு அதில் அளவான இடம்தான். இடம் நிறைந்ததும் பழைய வரிகளின் மேல் புதியவற்றை எழுதும், வகுப்பறை வெண்பலகையைப் போல. எத்தனை நாள் வரை ஒரு வரியை அழிக்கக் கூடாது என்று நாம் சொல்லிவைக்கலாம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 7 நாள். நீங்கள் காப்பு நகல்களை ஒரு மாதம் சேமிக்கிறீர்கள், ஆனால் இந்த அமைப்பை 7லேயே விட்டுவிட்டீர்கள் என்றால், மூன்று வாரத்துக்கு முந்தைய நகல் வட்டில் பத்திரமாக இருக்கும், அதைப் பற்றிய நினைவு மட்டும் அழிந்திருக்கலாம். தனிப் பட்டியல் இல்லாதவர்கள் முதலில் மாற்ற வேண்டிய எண் இதுதான். 365 நாள் வரை உயர்த்த முடியும்.

இழுப்பறை மூழ்கினால்?

இப்போது சிக்கல் உங்களுக்குப் புரிந்திருக்கும். காப்பு நகல்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் கட்டுப்பாட்டுக் கோப்பில் இருக்கிறது. அதுவோ தரவுத்தளத்தின் ஒரு பகுதி. வன்தட்டு பழுதாகித் தரவுத்தளம் மொத்தமாகப் போய்விட்டால் கட்டுப்பாட்டுக் கோப்பும் போய்விடும். சரி, அதற்கும் காப்பு நகல் எடுத்து வைத்தோமே? எடுத்தோம். அந்த நகல் எங்கே இருக்கிறது என்ற விவரம் எங்கே இருக்கிறது? தொலைந்துபோன கட்டுப்பாட்டுக் கோப்பில்!

மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கும் நிலை இது.

கட்டுப்பாட்டுக் கோப்பின் இரண்டு மூன்று பிரதிகளை வெவ்வேறு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும்படி வைப்பது முதல் தற்காப்பு. ஒன்று போனால் மற்றொன்று இருக்கும். ஆனால் கணினியே எரிந்துபோனால் அத்தனையும் சேர்ந்து போகும்.

தீர்வை அடைய, உங்கள் பெற்றோரின் மைகார்டை எடுத்துப் பாருங்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும். யாரையும் கேட்காமல், எந்தப் பதிவேட்டையும் புரட்டாமல், எண்ணைப் பார்த்தே பிறந்தநாளைச் சொல்லிவிடலாம். பெயரே தகவலாகிவிடுகிறது.

ஆர்மேன் செய்வதும் அதுதான். கட்டுப்பாட்டுக் கோப்பின் தானியங்கிக் காப்பு என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டால், ஆர்மேன் ஒவ்வொரு முறை காப்பு நகல் எடுத்து முடித்ததும் கடைசி வேலையாகக் கட்டுப்பாட்டுக் கோப்பைத் தனியே நகலெடுக்கும். அப்போதுதான் எடுத்து முடித்த நகல்களின் விவரமும் அதில் சேர்ந்துவிடும். அந்த நகலுக்கு அது வைக்கும் பெயரில்தான் சூட்சுமம். எடுத்துக்காட்டாக இப்படி இருக்கும்:

சி-1482367519-20250311-01

சி என்ற எழுத்து கட்டுப்பாட்டுக் கோப்பைக் குறிக்கிறது. அடுத்தது தரவுத்தளத்தின் அடையாள எண். பிறகு ஆண்டு, மாதம், நாள், அதாவது 2025 மார்ச் 11. கடைசி இரண்டு இடங்கள் அன்றைக்கு அது எத்தனையாவது நகல் என்பதைச் சொல்கின்றன. 00இலிருந்து தொடங்கும். இது பதினாறு அடிமான எண். கணிதப் பாடத்தில் எண் அடிமானங்களைப் படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு இடங்களில் 16 பெருக்கல் 16, மொத்தம் 256 பெயர்கள் சாத்தியம்.

இந்தப் பெயரில் ஊகிக்க முடியாதது எதுவும் இல்லை. தேதி தெரியும். வரிசை எண் 256க்குள் ஒன்று. அடையாள எண் மட்டும் தெரிந்துவிட்டால், கோப்பின் பெயரை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்மேன் தானே பெயரை உருவாக்கி, அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடும். இன்றைய தேதியில் பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்கி வரும். கிடைக்காவிட்டால் நேற்று. அதுவும் இல்லாவிட்டால் முந்தாநாள். நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 7 நாள் வரை பின்னோக்கித் தேடும். நாம் கேட்டால் இன்னும் பின்னால் போகும்.

அடையாள எண் எதற்கு, தரவுத்தளத்தின் பெயர் போதாதா என்ற கேள்வி எழலாம். ஒரே வகுப்பில் இரண்டு குமரன்கள் இருப்பது போல, ஒரே பெயரில் இரண்டு தரவுத்தளங்கள் இருக்கலாம். ஒரு குமரனின் மருத்துவ அறிக்கையை இன்னொரு குமரனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அடையாள எண் அந்தக் குழப்பத்தைத் தடுக்கிறது.

புதன்கிழமை காலை 11 மணி

பள்ளிக் கடைக்கே திரும்புவோம். மார்ச் 9, ஞாயிறு இரவு முழு நகல் எடுத்தாகிவிட்டது. திங்கள் இரவும் செவ்வாய் இரவும் ஆவண நாட்குறிப்புகளை நகலெடுத்தார்கள். நகல்கள் எல்லாம் வேறொரு வட்டில் இருக்கின்றன. ஆவண நாட்குறிப்புகளும் அந்த வட்டிலேயே சேருகின்றன. மார்ச் 12, புதன் காலை 11 மணிக்குத் தரவுத்தளம் இருந்த வன்தட்டு செத்துப்போகிறது. ஆயிரம் மாணவர்களின் பணக் கணக்கு அதில் இருக்கிறது. தனி மீட்புப் பட்டியல் கிடையாது.

புதிய வன்தட்டைப் பொருத்திய பிறகு, பொறுப்பாளர் ஆர்மேனிடம் முதலில் அடையாள எண்ணைச் சொல்கிறார். பிறகு தரவுத்தள மென்பொருளை மட்டும் எழுப்புகிறார். கோப்பு எதுவும் இன்னும் இணைக்கப்படவில்லை. ஆள் விழித்துவிட்டார், ஆனால் தான் யார் என்பதே நினைவில்லை என்ற நிலை. ஆரக்கிளில் இதற்கு நோமவுண்ட் என்று பெயர்.

அடுத்த கட்டளை, தானியங்கிக் காப்பிலிருந்து கட்டுப்பாட்டுக் கோப்பைக் கொண்டு வா என்பது. தேடல் தொடங்குகிறது. 12ஆம் தேதியில் 256 பெயர்களும் இல்லை, ஏனென்றால் அன்று இன்னும் காப்பு நகல் எடுக்கவில்லை. 11ஆம் தேதியில் மேலிருந்து இறங்கி வந்து 01இல் கிடைக்கிறது. மொத்தம் 511ஆவது பெயர். மனிதனுக்கு அலுப்பூட்டும் வேலை. கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை.

கட்டுப்பாட்டுக் கோப்பு கிடைத்ததும் அதை இணைக்கிறார்கள். இது மவுண்ட் நிலை. நினைவு திரும்பிவிட்டது. ஞாயிறு இரவின் முழு நகல் எந்தத் துண்டுகளில் இருக்கிறது என்று ஆர்மேனுக்கு இப்போது தெரியும். ரிஸ்டோர் கட்டளை தரவுக் கோப்புகளைக் கொண்டுவருகிறது. இப்போது கடை ஞாயிறு இரவில் நிற்கிறது.

இனி நாட்குறிப்பைச் செலுத்த வேண்டும். ஆனால் மீட்டெடுத்த கட்டுப்பாட்டுக் கோப்புக்குச் செவ்வாய் இரவு வரைதான் நினைவு. புதன் காலை ஒதுக்கிய ஆவண நாட்குறிப்புகள் வட்டில் இருப்பது அதற்குத் தெரியாது. அதற்கும் வழி இருக்கிறது. இந்த அடைவில் உள்ள கோப்புகளைப் பார்த்துப் பட்டியலில் சேர்த்துக்கொள் என்று கேட்டலாக் என்ற கட்டளையால் சொல்லலாம். ஆர்மேன் ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் படித்து, அது என்ன என்று தானே புரிந்துகொண்டு எழுதிக்கொள்ளும். வெண்பலகையில் அழிந்துபோன பழைய காப்பு நகல்களையும் இதே கட்டளையால் நினைவுக்குக் கொண்டுவரலாம்.

ரெக்கவர் கட்டளை ஓடுகிறது. திங்கள், செவ்வாய், புதன் காலை. கடைசி ஆவண நாட்குறிப்பு 10.40 வரை வருகிறது. அதற்குப் பிறகு எழுதிக்கொண்டிருந்த நாட்குறிப்பு, செத்த வன்தட்டில் இருந்தது. ஆக, 20 நிமிடம் இழப்பு. அந்த 20 நிமிடத்தில் ஓய்வு நேர விற்பனை நடந்திருந்தால் பொறுப்பாசிரியருக்குத் தலைவலிதான். ரசீதுகளைப் பார்த்து மறுபடி எழுத வேண்டும். நடப்பு நாட்குறிப்பையும் இரண்டு வட்டுகளில் எழுதும்படி வைத்திருந்தால் இந்த 20 நிமிடமும் தப்பியிருக்கும்.

கடைசியாகத் தரவுத்தளத்தைத் திறக்கும்போது நாட்குறிப்பின் வரிசை எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இப்படிப் புதிதாகத் தொடங்குவதை ஆரக்கிள்காரர்கள் ஒரு புதிய அவதாரம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். அடையாள எண் மாறாது, பிறவி மட்டும் புதியது. உடனே ஒரு புதிய முழு நகல் எடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவும் நடக்க, கணினிக்கு வெளியே இருக்க வேண்டியது இரண்டே விவரங்கள். ஒன்று, அந்தப் பத்து இலக்க அடையாள எண். இன்னொன்று, காப்பு நகல்கள் இருக்கும் அடைவு. ஆர்மேன் ஒவ்வொரு முறை தரவுத்தளத்தோடு இணையும்போதும் அடையாள எண்ணைத் திரையில் காட்டும். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் போதும். நாற்பது ஆவணங்களின் பட்டியல் ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது.

தானியங்கிக் காப்பை இயக்காமல் விட்டிருந்தால்? கட்டுப்பாட்டுக் கோப்பின் நகல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரிந்தால் அதன் முழுப் பெயரைக் கொடுத்து மீட்கலாம். ஒவ்வொரு காப்பின்போதும் ஆர்மேன் திரையில் எழுதும் செய்திகளைச் சேமித்து வைத்தவர்கள் அப்படித் தப்பியிருக்கிறார்கள். சேமிக்காதவர்கள் கோப்பு கோப்பாகத் துழாவ வேண்டியதுதான்.

ஐந்து வழிகள், ஐந்தும் இல்லை

இதெல்லாம் ஏட்டில் சரியாக இருக்கும். நடப்பில் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜனவரி 31 ஒரு சாட்சி. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற சேவையில் அன்றிரவு ஒரு பொறியாளர், பயன்படாத துணைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழிப்பதாக நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்தான் மிஞ்சியிருந்தது.

அவர்களுடையது ஆரக்கிள் அன்று, போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளம். காப்புக்கும் பிரதிக்கும் ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட அன்று ஐந்தில் எதுவுமே நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அந்நிறுவனமே பின்னர் வெளிப்படையாக எழுதியது. தினமும் நகல் எடுக்கும் கருவி, தரவுத்தளத்தின் பதிப்பு 9.6ஆக இருக்க, 9.2க்குரியதாக ஓடிக்கொண்டிருந்தது. பதிப்புப் பொருந்தாததால் ஒவ்வொரு நாளும் தோல்வி. நகல்கள் சேர வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ, முறையான கையொப்பம் இல்லை என்று அஞ்சல் சேவையகத்தால் நிராகரிக்கப்பட்டன. ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது தற்செயல். ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்த ஒரு நகல் இருந்தது. அதிலிருந்து மீண்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் உருவான ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் திரும்பவில்லை. மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். தவற்றை மறைக்காமல் காட்டியதால்தான் நாம் இன்று அதைப் படித்துக்கொள்ள முடிகிறது. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

அந்த ஐந்தில் ஏதாவது ஒன்றிலிருந்து மாதம் ஒரு முறையாவது மீட்டுப் பார்த்திருந்தால் தோல்வி முன்பே தெரிந்திருக்கும். ஆர்மேனில் இதற்கு ஒரு வசதி உண்டு. ரிஸ்டோர் கட்டளையோடு வேலிடேட் என்ற சொல்லைச் சேர்த்தால், காப்பு நகல்களை முழுவதும் படித்துச் சோதிக்கும், ஆனால் எதையும் எழுதாது. தீயணைப்புப் பயிற்சியில் மணி அடித்ததும் திடலில் வரிசையில் நின்றுவிட்டு வகுப்புக்குத் திரும்புவோமே, அது போல.

உங்கள் கைப்பேசியில் ஆரக்கிள் இருக்கப்போவதில்லை. ஆனால் இந்த வேலையின் சில பகுதிகளை இன்றே செய்து பார்க்கலாம். ஒப்படைப்புக் கோப்புகளுக்கு ‘புதியது’, ‘மிகப் புதியது’, ‘இதுதான் கடைசி’ என்று பெயர் வைப்பதை விட்டுவிட்டு, ஆர்மேனைப் போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 20250311 என்று தொடங்குங்கள். ஆண்டு முதலில் வருவதால் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். நாளை முதலில் எழுதினால் ஜனவரி 11உம் மார்ச் 11உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

மேகக் கணிமைச் சேமிப்பில் தானாக ஒத்திசைவதைக் காப்பு நகல் என்று நம்பிவிடாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சில நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அவ்வளவுதான். பீட்டர் கிரோக் என்ற புகைப்படக் கலைஞர் சொன்ன 3-2-1 கணக்கு எளிது: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

இன்னொன்று. உங்கள் கூகிள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால், கைப்பேசி தொலைந்துபோனால் பயன்படுத்த எட்டு இலக்கக் குறியீடுகள் பத்து கொடுத்திருப்பார்கள். அவற்றை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கணக்குக்குள்ளேயே, கூகிள் டிரைவில் ஒரு கோப்பில் என்றால், இன்று மாலையே ஒரு தாளில் எழுதி, அம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.